போன் எடுக்கிற வேலையா என்று கேட்ட தாய்க்கு

அன்புள்ள அம்மா,

"போன் எடுக்கிற வேலைக்கா இவளை ஏ லெவல் வரை படிக்கவைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டன் தீயணைப்புப் படையின் கட்டுப்பாட்டு அறையில் சேர்வேன் என்று பிள்ளை பிடிவாதமாக நிற்கிறாள். நீங்கள் பார்மசிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறீர்கள். பார்மசி நல்ல படிப்புதான், அது எங்கும் ஓடிவிடாது. அதற்குமுன் இந்த வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

பிரிட்டனின் அவசர எண்ணான 999-ஐ அழுத்தினால் முதலில் பேசுபவர் பிடி (BT) என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆபரேட்டர். எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டு, தீ என்றால் அந்தப் பகுதித் தீயணைப்புப் படையின் கட்டுப்பாட்டு அறைக்கு இணைப்பைக் கொடுப்பார். உங்கள் மகள் உட்கார ஆசைப்படுவது அங்கேதான். இந்த எண் பிறந்ததே ஒரு தீயால். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அயலவர் தொலைபேசி நிலையத்தின் வரிசையில் மாட்டிக்கொண்டு, பிறகு ஆத்திரத்தோடு டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். 1937 ஜூன் 30-ஆம் தேதி 999 நடைமுறைக்கு வந்தது. நீங்கள் 'போன் எடுக்கிற வேலை' என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த அயலவர்தான் நினைவுக்கு வந்தார்.

அழைப்பு வந்ததும் முதலில் கேட்பது முகவரி. என்ன எரிகிறது என்பதெல்லாம் பிறகு. இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும். மற்ற விவரங்களை வழியில் வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம். கைப்பேசி ஏறக்குறைய எங்கே இருக்கிறது என்பதை இப்போது திரை காட்டிவிடுகிறது. ஆனால் எந்த மாடி, எந்தக் கதவு என்பதைப் பேசுகிறவர் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும். பதினோராம் மாடியில் புகை சூழ நிற்கும் பெண் "சீக்கிரம் வாருங்கள்" என்று மட்டுமே கத்துவாள். அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து "பதினொன்று" என்ற ஒற்றைச் சொல்லை எடுத்தாக வேண்டும். வெளியேற வழி இருந்தால் உடனே வெளியேறச் சொல்ல வேண்டும். வழி அடைபட்டிருந்தால் கதவைச் சாத்தச் சொல்லி, அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடைக்கச் சொல்லி, தாழ்ந்தபடி சன்னலோரம் போகச் சொல்லி, "சாத்திவிட்டீர்களா?" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டு, வீரர்கள் போய்ச் சேரும்வரை இணைப்பை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இதெல்லாம் நடக்கும்போது விரல்கள் தட்டச்சு செய்துகொண்டே இருக்கும்.

எல்லா நாளும் இப்படியல்ல. லிப்டில் சிக்கியவர், ரொட்டி கருகி அலறும் புகை அலாரம், விளையாட்டுக்கு அழைக்கும் சிறுவர்கள் என்று போகும் நாட்களே அதிகம். சில இரவுகள் கடிகாரத்தைப் பார்த்தே விடியும்.

ஆனால் 2017 ஜூன் 14 போன்ற ஓர் இரவும் வரலாம். லண்டனில் தீப்பிடித்த கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து முதல் அழைப்பு நள்ளிரவு 12.54-க்கு வந்தது. 72 உயிர்கள் போயின. உள்ளேயே இருங்கள் என்ற வழக்கமான அறிவுரை நெடுநேரம் மாற்றப்படவில்லை. அழைப்புகள் குவிந்து, எசெக்ஸ், கென்ட் கட்டுப்பாட்டு அறைகளும் அவற்றை எடுக்க நேர்ந்தது. 2019 அக்டோபரில் வந்த விசாரணை அறிக்கை, கட்டுப்பாட்டு அறையினரின் பயிற்சியையும் களத்தோடு அவர்கள் தகவல் பரிமாறும் முறையையும் திருத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அறை பற்றிய பகுதிகளை மகள் படிக்கட்டும். படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது விளையாட்டு ஆசை இல்லை.

உங்கள் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டம் தேவையில்லை. பொதுவாக ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) ஆங்கிலமும் கணிதமும் போதும். தட்டச்சிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் சோதனை வைப்பார்கள். வாரத்துக்கு 42 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நான்கு நாள் ஓய்வு என்பது பரவலான முறை. தீபாவளிக்கும் நத்தாருக்கும் தனிச்சலுகை எதிர்பார்க்காதீர்கள். சம்பள விகிதம் அதே நிலையிலுள்ள தீயணைப்பு வீரருடையதில் 95 விழுக்காடு. அந்த ஐந்து விழுக்காட்டை ஏன் வெட்டுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாட்ச் மேனேஜர், ஸ்டேஷன் மேனேஜர் என்று மேலே ஏறவும் படிகள் உண்டு. இடங்கள்தான் அடிக்கடி திறப்பதில்லை. ஆம்புலன்ஸ், போலீஸ் கட்டுப்பாட்டு அறைகளில் வாய்ப்பு அதிகம். அங்கே பழகிவிட்டு இங்கே வருவது கெட்டிக்காரத்தனம்.

என் கவலை வேறு. வீரர்கள் கதவருகே வந்ததும் இணைப்பு முடிந்துவிடும். அந்தப் பெண் பிழைத்தாளா இல்லையா என்பது பல நேரம் தெரியவராது. அதற்குள் அடுத்த அழைப்பின் விளக்கு எரிந்துவிடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்து இதே வேலைக்குப் போன ஒரு பையன் சோதனைகளில் முதல் ஆளாகத் தேறியவன். ஆறே மாதத்தில் விலகிவிட்டான். அலறலைத் தாங்கினேன், முடிவு தெரியாததைத் தாங்க முடியவில்லை என்றான். உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். தோழியின் துயரத்தைக் கேட்டால் மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கிறாளா? அல்லது கூட இருந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்து தூங்குகிறாளா? இரண்டும் நல்ல பிள்ளையின் குணம்தான், ஆனால் இரண்டாவதுதான் இந்த வேலைக்குப் பொருந்தும்.

பார்மசிக்கும் இப்போதே விண்ணப்பித்து, ஓராண்டு தள்ளிச் சேர முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கட்டும். எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அடுத்த முறை அவளையும் அழைத்துவாருங்கள். நீங்கள் கொஞ்சம் வெளியே உட்கார்ந்திருந்தால், நான் அவளிடம் தனியாகப் பேசிப் பார்க்கிறேன்.