வாசகர் கேள்வி–பதில்: ஒடுங்கிய கழிப்பறையில் புதிய பீங்கான்

கேள்வி: ஈசூனில் பழைய மூவறை வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். சமையலறையை ஒட்டிய கழிப்பறையைப் புதுப்பிக்க முடிவு செய்துள்ளோம். உட்புற அகலம் 88 சென்டிமீட்டர், பின்சுவரிலிருந்து கதவு வரை 150 சென்டிமீட்டர். கதவு 65 சென்டிமீட்டர் அகலமுள்ளது, உள்நோக்கித் திறக்கும். பழைய ஓடுகளை உடைக்காமல் அவற்றின்மேல் புதிய ஓடு பதிக்கலாம் என்கிறார் புதுப்பிப்பு வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர். பின்சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம் 19 சென்டிமீட்டர் என்றும் அளந்து சொன்னார். எங்களுக்குப் பிடித்த பீங்கானின் (உட்காரும் கழிவுக்கோப்பையின்) நீளம் 72 சென்டிமீட்டர். அதன் செட்-அவுட் 25 என்று கடையில் எழுதியிருந்தது. இணைப்புக் குழாயை வளைத்துச் சரிசெய்யலாம், அல்லது பீங்கானைப் பக்கச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கலாம் என்கிறார்கள். எழுபது வயதைக் கடந்த என் மாமியார் நடைச்சட்டத்தின் துணையோடுதான் நடக்கிறார். என்ன செய்வது? – ஒரு வாசகி, ஈசூன்

பதில்: அந்தப் பீங்கானுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையென்றால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது உங்கள் கழிப்பறையில் உட்காராது.

செட்-அவுட் என்பது, ஓடு பதித்து முடிந்த சுவரின் முகப்பிலிருந்து தரையிலுள்ள கழிவுத் துளையின் மையம் வரையுள்ள தூரம். பழைய ஓட்டின்மேல் புதிய ஓடு பதித்தால், பசையும் சேர்த்துச் சுவர் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே வந்துவிடும். ஆகவே உங்கள் 19 சென்டிமீட்டர், வேலை முடியும்போது 17.5 ஆகக் குறைந்திருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த பீங்கானுக்கோ 25 வேண்டும். அதன் வாயைத் துளைக்கு நேராக வைத்தால் தண்ணீர்த் தொட்டி சுவருக்குள் ஏழரை சென்டிமீட்டர் புக வேண்டியிருக்கும். வளைந்த இணைப்புக் குழாய்கள் விற்பனைக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அவை பொதுவாக இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வரைதான் விலகலை ஈடுகட்டும். மேலும், இன்றைய தொட்டிகள் பொத்தானை முழு அளவுக்கு அழுத்தினாலே நான்கு லிட்டர் அளவில்தான் தண்ணீர் விடுகின்றன என்பதால், அந்தச் சிறிய ஓட்டம் வளைவு ஒன்றைத் தாண்டிக் கழிவை இழுத்துச் செல்லத் திணறி, அடைப்பு அடிக்கடி ஏற்படக்கூடும். வளைவு இல்லாமல் நேராகப் பொருந்துவதையே நான் வற்புறுத்துவேன்.

உங்களுக்குத் தேவை, 17.5 அல்லது அதற்குக் குறைவான செட்-அவுட் கொண்ட பீங்கான். 15 சென்டிமீட்டருக்கு அமைந்ததை வாங்கினால் தொட்டிக்குப் பின்னால் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விழும். அதைத் துடைப்பது சற்றுச் சிரமமே தவிர, பயன்பாட்டுக்குக் குறைவில்லை. நீளத்திலும் 72-ஐ விட்டுவிட்டு, 62 அளவிலுள்ள குட்டை வகையைப் பாருங்கள். இரு முனைச் சுவர்களிலும் ஓடு ஏறிய பிறகு உள்நீளம் 147 ஆகும். பீங்கானின் முன்விளிம்பு சுவரிலிருந்து 64.5-இல் நிற்கும். முன்னால் 82.5 சென்டிமீட்டர் கிடைக்கும். உட்கார்ந்து எழ ஐம்பத்து மூன்றிலிருந்து அறுபது சென்டிமீட்டர் போதும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. நடைச்சட்டத்துக்கும், தேவைப்பட்டால் உதவிக்கு வருபவருக்கும் மிச்ச இடம் பயன்படும்.

ஆனால் அந்த இடத்தை உங்கள் கதவே விழுங்கிவிடுகிறது. 65 சென்டிமீட்டர்க் கதவு உள்ளே சுழன்றால், திறந்த நிலையில் அதற்கும் பீங்கானுக்கும் நடுவே ஒரு சாண் அளவுகூட மிஞ்சாது. மாமியார் நடைச்சட்டத்துடன் உள்ளே போய்க் கதவைச் சாத்துவது எப்படி? அதைவிடப் பெரிய கவலை எனக்கு உண்டு: உள்ளே ஒருவர் தடுமாறி விழுந்துவிட்டால், அவருடைய உடலே கதவைத் தடுத்து, வெளியிலிருந்து வருபவரால் திறக்க முடியாமல் போகும். இந்தப் புதுப்பிப்பில் ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பீங்கானைவிட முதலில் கதவை மாற்றுங்கள் என்பேன். இரண்டாக மடியும் கதவு வீவக வீடுகளில் பரவலாக உள்ளது. மலிவானது, ஆனால் மடிந்த பலகைகள் வாசலின் அகலத்தில் சில சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும் என்பதால் நடைச்சட்டத்தின் அகலத்தோடு ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும். சறுக்கிச் சுழலும் கதவுக்கு விலை கூடுதல், ஆனால் குறைந்த இடத்தில் திறக்கும். எந்த வகையானாலும், அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளைக் கேட்டு வாங்குங்கள்.

திருப்பி வைக்கும் யோசனைக்கு வருகிறேன். தரையிலுள்ள துளை அப்படியே இருக்க, பீங்கானை மட்டும் பக்கவாட்டில் திருப்பினால், அதன் மையக்கோடு பின்சுவரிலிருந்து 17.5 சென்டிமீட்டரில் ஓடும். பக்கத்துச் சுவருக்கும் மையக்கோட்டுக்கும் இடையில் குறைந்தது 38 சென்டிமீட்டர் இருந்தால்தான் தோளும் முழங்காலும் இடிக்காமல் உட்காரலாம். துளையையே இடம் மாற்றுவதும் நடக்காது. உங்கள் கழிவுக் குழாய் தரைக் கான்கிரீட்டைத் துளைத்து இறங்கி, கீழ்வீட்டுக் கழிப்பறையின் கூரைக்கு அடியில்தான் போகிறது. கட்டமைப்பின் பகுதியான அந்தத் தளத்தை உடைக்கக் கூடாது. அதோடு, நீர்த்தடுப்புப் படலம் கிழிந்தால் சொட்டுவது கீழ்வீட்டில். அப்போது மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்துதான் காரணத்தைக் கண்டறிந்து பழுதுபார்க்க வேண்டும் என்பது வீவக நடைமுறை.

இப்போதுள்ளபடியே வைத்தால் அகலம் கவலைக்குரியதல்ல. ஓடு ஏறிய பிறகு 85 சென்டிமீட்டர் இருக்கும். துளை நடுவில் இருந்தால் இருபுறமும் 42.5 கிடைக்கும். நடுவில் இருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே அளந்து பாருங்கள், ஏனென்றால் பழைய கழிப்பறைகளில் துளை ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது உண்டு. கைப்பிடிக் கம்பி சுவரிலிருந்து எட்டு சென்டிமீட்டர் அளவுக்குத் துருத்தி நிற்கும் என்பதால், துளை ஒதுங்கியிருந்தால் விசாலமான பக்கத்தில் கம்பியைப் பொருத்தச் சொல்லுங்கள். வீட்டில் 65 வயதைக் கடந்த சிங்கப்பூரர் இருந்தால், கைப்பிடிக் கம்பிக்கும் ஓடு வழுக்காமலிருக்கச் செய்யும் பூச்சுக்கும் வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் பெரும் மானியம் உண்டு. புதுப்பிப்பைத் தொடங்குமுன் விண்ணப்பித்துவிட்டால், கம்பி எங்கே வரும் என்பதைக் குத்தகையாளருக்கு முன்கூட்டியே சொல்ல முடியும்.

ஓட்டின்மேல் ஓடு பதிப்பது பற்றி ஒன்று. தரைப்பூச்சும் ஓடுகளும் சேர்ந்த மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய தரையில் ஏற்கெனவே ஒரு முறை மேலோடு பதித்திருந்தால் இந்த வரம்பு எளிதில் மீறப்படும். தரை உயர்வதால் வாசல் திண்டின் உயரம் குறைந்து, தண்ணீர் சமையலறைக்குள் வழிய வாய்ப்பிருக்கிறது. தரைவடிகாலின் மூடியையும் அதற்கேற்ப உயர்த்தி, எளிதாகத் திறக்கும்படி விட வேண்டும். குத்தகையாளர் வீவகவின் பதிவுபெற்றவர்தானா, அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: செங்காங்கில் புதிய பிடிஓ (விண்ணப்பித்த பிறகு கட்டித் தரப்படும் வீவக) வீட்டின் சாவி கிடைத்துள்ளது. குளியலறை சிறியது. தொட்டியைச் சுவருக்குள் மறைத்து, பீங்கானைச் சுவரில் தொங்கவிட்டால் இடம் மிச்சமாகுமா? – ஒரு வாசகர், செங்காங்

பதில்: விளம்பரப் படங்கள் காட்டும் அளவுக்கு மிச்சமாகாது. தொங்கும் பீங்கான் 54 சென்டிமீட்டர் அளவில் குட்டையாக இருந்தாலும், தொட்டியையும் இரும்புச் சட்டத்தையும் மறைக்க 15 முதல் 20 சென்டிமீட்டர்க் கனத்தில் முன்சுவர் எழுப்ப வேண்டும். வீவக வீட்டின் கான்கிரீட் சுவரைக் குடைந்து அவற்றை உள்ளே செலுத்த முடியாது. இரண்டையும் கூட்டினால் 70 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும், தரையில் நிற்கும் குட்டைப் பீங்கானோ 62-இல் முடிந்துவிடும். உண்மையான ஆதாயம், அடியில் துடைப்பது எளிது என்பதுதான்.

உங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. புதிய கட்டடங்களில் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் சுவர், தரை ஓடுகளை அகற்ற வீவக அனுமதிப்பதில்லை; நீர்த்தடுப்புப் படலத்தைக் காப்பதற்காகவே இந்த விதி. கழிவுக் குழாயின் வழியை மாற்றும் வேலையை, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர்தான் செய்ய வேண்டும். இப்போதைக்குத் தொங்கும் பீங்கானை விட்டுவிட்டு, கைகழுவும் தொட்டியைக் குறுகியதாக மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய குளியலறைகளில் நடமாட்டத்தை நெருக்குவது அதன் துருத்தல்தான்.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் குட்டைப் பீங்கான் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – ஒரு வாசகி, அங் மோ கியோ

பதில்: வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் இங்கு விற்கப்படும் இரட்டை அழுத்தத் தொட்டிகள் (முழு, பாதி என இரு அளவில் தண்ணீர் விடுபவை) நீர்ச் சிக்கன முத்திரையில் குறைந்தது இரண்டு டிக் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்குவதில் அந்த முத்திரை இல்லாமலிருக்கலாம். அதோடு, செட்-அவுட் பொருந்தாதபோது திருப்பிக் கொடுக்கவும் வழியிருக்காது, உடைந்த உதிரிப்பாகத்துக்கு மாற்றும் கிடைக்காது. உள்ளூர்க் கடைகளிலேயே குட்டை வகைகள் உள்ளன; அளவுத்தாளைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்களை உங்கள் கழிப்பறையின் அளவுகளோடு ஒப்பிட்ட பிறகு பணம் செலுத்துங்கள்.