ரஷ்ய எண்ணெய்க் கப்பலில் வேலை: கையெழுத்துப் போடும் முன் ஐஎம்ஓ நம்பரைக் கேளுங்கள்

கேள்வி: நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். டேங்கர் கப்பல்களில் ஏபியாக (டெக் மாலுமியாக) மூன்று காண்ட்ராக்ட் முடித்திருக்கிறேன். ஒன்பது மாதமாக வேலை இல்லை. மும்பை ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசினார். ரஷ்யாவில் எண்ணெய் ஏற்றும் கப்பல், வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு சம்பளம், இஸ்தான்புல்லில் சைன் ஆன், அதாவது அங்கே கப்பலில் ஏறி வேலையில் சேர வேண்டும் என்கிறார். இரண்டு லட்சம் கேட்டதில் 50,000 கொடுத்துவிட்டேன். என் கடல் சேவைப் பதிவுப் புத்தகமான சிடிசியும் அவரிடம்தான் இருக்கிறது. கப்பல் பெயரை டிக்கெட் போடும்போது சொல்வாராம். ‘இந்தியா ரஷ்யாவுக்கு எதிராகத் தடை எதுவும் போடவில்லை, பயப்படாதே’ என்கிறார். வழியில் ஏதாவது நாடு கப்பலைப் பிடித்தால் என்னையும் ஜெயிலில் போடுவார்களா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கப்பல் மேலை நாடுகளின் தடைப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஏபியை ஐரோப்பிய நாடு சிறையில் போட்டதாக நான் பார்த்ததில்லை. வழக்கு வந்தால் கேப்டன் மேலும் அதிகாரிகள் மேலும்தான் வருகிறது. 2024 டிசம்பரில் பின்லாந்து ‘ஈகிள் எஸ்’ என்ற டேங்கரைப் பிடித்தது. குக் தீவுகளின் கொடி (அதாவது அந்த நாட்டில் பதிவான கப்பல்), ரஷ்யாவின் உஸ்த் லூகா துறைமுகத்தில் ஏற்றிய பெட்ரோல், ஊழியர்கள் ஜார்ஜியர்களும் இந்தியர்களும். நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போய் கடலடி மின் கேபிளைச் சேதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. கேப்டன் மீதும் இரண்டு அதிகாரிகள் மீதும் வழக்குப் போட்டார்கள். 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம் இதை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று தள்ளிவிட்டது. 2026 ஜனவரியில் ரஷ்யாவின் மூர்மன்ஸ்க்கிலிருந்து வந்த ‘கிரிஞ்ச்’ கப்பலை மத்தியதரைக் கடலில் பிரெஞ்சுக் கடற்படை நிறுத்தியபோதும் காவலில் எடுத்தது இந்தியரான கேப்டனைத்தான்.

ஆனால் ‘ஈகிள் எஸ்’ பின்லாந்தில் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. குற்றம் சாட்டப்படாதவர்களும் விசாரணை முடியும்வரை நினைத்தபோது வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஆகவே ஜெயில் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் சம்பளம் வருமா, அடிபட்டால் காப்பீடு இருக்கிறதா, ஊர் திரும்ப டிக்கெட் யார் எடுப்பார் என்ற மூன்றும்தான் உங்கள் நிலையில் உள்ளவர் கேட்க வேண்டியவை.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படை எடுத்தது. மார்ச் 2 அன்று ஐநா பொதுச்சபையில் அதைக் கண்டிக்கும் தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை 5 மட்டும். 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, அதில் இந்தியாவும் உண்டு, இலங்கையும் உண்டு. ஐநா பாதுகாப்பு அவை போடாத தடையை இந்தியா ஏற்பதில்லை. ஆகவே ரஷ்ய எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தீர்கள் என்று நம் ஊரில் யாரும் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள். அதுவரை அவர் சொன்னது சரி.

அவர் சொல்லாமல் விட்ட பாதிதான் உங்களுக்கு முக்கியம். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் போட்ட தடை, தனித்தனிக் கப்பல்களைப் பெயர் சொல்லிப் பிடிக்கிறது. 2025 ஜனவரி 10 அன்று அமெரிக்கா ஒரே நாளில் 180க்கும் மேற்பட்ட கப்பல்களைப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல் அதே ஆண்டு அக்டோபரில் 550ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பட்டியலில் ஏறிய கப்பலுக்கு ஐரோப்பியத் துறைமுகம் கிடையாது, அங்குள்ள கம்பெனிகளின் சேவையும் கிடையாது. அமெரிக்கப் பட்டியலில் ஏறினால் டாலர் நகராது. கப்பல்காரரின் சம்பளம் டாலரில்தானே வருகிறது? முதலாளியின் வங்கிக் கணக்கு முடங்கினால் மாதாமாதம் வீட்டுக்குப் போகும் உங்கள் அலாட்மென்டும் அதோடு நிற்கும். இந்தியா ஐநாவில் எப்படி வாக்களித்தது என்று எந்த வங்கியும் அப்போது கேட்காது.

காப்பீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரஷ்ய எண்ணெயை உலகம் வாங்காமல் இருக்க முடியாது, ஆனால் ரஷ்யாவுக்குப் பணம் அதிகம் போகக் கூடாது என்று ஜி7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆஸ்திரேலியாவும் 2022 டிசம்பர் 5 முதல் ஒரு உச்சவரம்பு வைத்தன. கச்சா எண்ணெய் பேரலுக்கு 60 டாலர். அதற்குமேல் விலை வைத்த சரக்குக்கு இந்த நாடுகளின் காப்பீடோ கப்பல் சேவையோ கிடைக்காது. 2025 செப்டம்பரில் ஐரோப்பாவும் பிரிட்டனும் வரம்பை 47.6 டாலராகக் குறைத்தன. உலகில் ஓடும் பெரிய கப்பல்களில் சுமார் 90 சதவீதத்துக்குக் காப்பீடு தரும் பி அண்ட் ஐ கிளப்கள் பெரும்பாலும் இந்த நாடுகளைச் சார்ந்தவை. வரம்பைத் தாண்டி விற்க நினைத்தவர்கள் பழைய டேங்கர்களை வாங்கி, யாரும் கேள்விப்படாத காப்பீட்டுக் காகிதத்தை ஒட்டி ஓட்ட ஆரம்பித்தார்கள். நிழல் கப்பல்கள் என்று செய்தியில் வருவது இவைதான். ஒன்றரை மடங்கு சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது, 2006இல் போட்டது, இந்தியாவும் ஏற்றது. அதன்படி முதலாளி உங்களை நட்டாற்றில் விட்டால் நான்கு மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீட்டாளர் பொறுப்பு. அந்தச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் கொடி போலி, காப்பீட்டுக் கம்பெனி போலி என்றால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போவீர்கள்? உங்கள் புகாரை முதலில் கேட்க வேண்டியது கொடி தந்த நாடு. பதிவேட்டில் உங்கள் கப்பலே இல்லை என்று அந்த நாடு கைவிரிக்கும். 2024இல் உலகம் முழுக்க 3,000க்கும் மேற்பட்ட மாலுமிகள் இப்படிக் கைவிடப்பட்டார்கள், அதில் எல்லா நாட்டவரையும்விட இந்தியர்களே அதிகம். அந்தக் கப்பல்கள் எல்லாம் ரஷ்ய எண்ணெய்க் கப்பல்கள் என்று சொல்லவில்லை. ஆனால் முகம் தெரியாத முதலாளி, சந்தேகமான கொடி, பழைய கப்பல் என்ற மூன்றும் சேரும் இடத்தில்தான் இது நடக்கிறது.

சரி, உங்களுக்கு வந்த கப்பல் எப்படிப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரைக் கேட்டுப் பயனில்லை. இந்தக் கப்பல்கள் வருடத்துக்கு ஒரு பெயரும் கொடியும் மாற்றும். ஐஎம்ஓ நம்பரைக் கேளுங்கள். ஏழு இலக்கம். லாரிக்கு நம்பர் பிளேட்டை மாற்றலாம், சேஸிஸ் எண் மாறாது அல்லவா, அதேபோலத்தான் இதுவும். கட்டிய நாள் முதல் உடைக்கும் நாள் வரை ஒரே எண். அந்த எண்ணை ‘ஈக்வாசிஸ்’ இணையதளத்தில் போட்டால் கப்பலின் வயது, கொடி, முதலாளி, நிர்வாகக் கம்பெனி, எந்தக் கிளப்பில் காப்பீடு, எந்தத் துறைமுகத்தில் பிடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் தெரியும். இலவசம்தான், பதிவு செய்துகொண்டால் போதும். கொடிக்கு நேராக ‘ஃபால்ஸ்’ என்று போட்டிருந்தால் அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டாம். காப்பீட்டுக் கட்டம் காலியாக இருந்தாலும், கப்பலுக்கு இருபது வயது தாண்டியிருந்தாலும், முதலாளி கம்பெனி போன வருடம்தான் ஆரம்பித்தது என்றாலும் எச்சரிக்கையாகுங்கள். அப்புறம் அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன் ஆகிய மூன்று பட்டியல்களிலும் அதே எண்ணைத் தேடுங்கள். ஒன்றில் இல்லாத கப்பல் இன்னொன்றில் இருக்கும். பட்டியல் போடுகிறவர்கள் மூன்றையும் சேர்த்து, ஒரு மாலுமி செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரே இடத்தில் ஏன் தருவதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தடை போடுகிறவர்கள் வங்கிக்காரர்களையும் வக்கீல்களையும் மனதில் வைத்தே எழுதுகிறார்கள். டெக்கில் நிற்பவனைப் பற்றி எவருக்கும் நினைப்பில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ரஷ்யத் துறைமுகம் என்று காதில் விழுந்ததுமே நல்ல வேலையை விட்டுவிடுகிற பையன்களும் இருக்கிறார்கள். கருங்கடலில் நோவோரோசிஸ்க் பக்கத்தில் சிபிசி என்று ஒரு எண்ணெய் முனையம் உண்டு. காஸ்பியன் கடலோரம் டெங்கிஸ் எண்ணெய் வயலில் இருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் குழாயில் வரும் எண்ணெய் அங்கே கப்பலில் ஏறுகிறது. பெரும்பகுதி கசாக்ஸ்தானின் எண்ணெய். கசாக்ஸ்தானின் எண்ணெய் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த வழிதான். செவ்ரானும் எக்ஸான்மொபிலும் அந்தக் குழாயில் பங்குதாரர்கள். ஏற்றும் இடம் ரஷ்ய மண் என்றாலும் சரக்கு ரஷ்யாவுடையது இல்லை என்பதால் விலை வரம்பு அதற்குப் பொருந்தாது. பெயர்பெற்ற கம்பெனிகளின் டேங்கர்கள் முறையான காப்பீட்டோடு அங்கே போய் வருகின்றன. பால்டிக்கில் உஸ்த் லூகாவிலும் கசாக் எண்ணெய் ஏறுவது உண்டு. நிஜமான ரஷ்ய எண்ணெயையே கூட, வரம்புக்குக் கீழே விலை இருக்கும்போது, ஒழுங்கான காப்பீட்டோடு ஏற்றும் கப்பல்கள் இருக்கின்றன. ஆகவே கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கப்பல் யாருடையது, யார் காப்பீடு, எந்தக் கொடி என்று பாருங்கள். உங்கள் ஏஜென்ட் ‘இது கசாக் எண்ணெய்தான்’ என்று இனிமேல் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் ஐஎம்ஓ நம்பரைக் கேளுங்கள். சிபிசிக்கு வரும் நல்ல கப்பலுக்கு அந்த எண்ணை மறைக்க எந்த அவசியமும் இல்லை.

உயிர் விஷயமும் இருக்கிறது. 2025 நவம்பர் 28 அன்று துருக்கிக்கு அருகே ‘கைரோஸ்’, ‘விராட்’ என்ற இரண்டு டேங்கர்களை உக்ரைனின் கடல் ட்ரோன்கள் தாக்கின. இரண்டும் தடைப் பட்டியலில் இருந்தவை, இரண்டும் காம்பியா கொடி காட்டியவை. தீப்பற்றிய ‘கைரோஸ்’ஸில் இருந்து 25 பேரைத் துருக்கி மீட்டது. அடுத்த நாளே சிபிசியின் ஏற்றுமிடம் ஒன்றும் ட்ரோன் தாக்குதலில் சேதமானது. ஆகவே நல்ல கம்பெனி என்றாலும், போர்ப் பகுதிக்குள் போக மறுத்தால் சொந்தச் செலவு இல்லாமல் ஊர் திரும்பும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று படியுங்கள்.

இனி அந்த ஏஜென்ட். எனக்கு வரும் சம்பளப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை கடலில் தொடங்குவதில்லை. வாட்ஸ்அப்பில், ஏதோ ஒரு விமான நிலைய வாசலில், அப்பா நகையை அடகு வைத்த நாளில் தொடங்குகின்றன. ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது. மேலே சொன்ன கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும், மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகளுக்கு ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் தரும் 2016ஆம் ஆண்டு இந்திய விதிகளும் இதைச் சொல்கின்றன. மருத்துவச் சான்று, சிடிசி, பாஸ்போர்ட் செலவு உங்களுடையது. விசா செலவுகூட முதலாளியுடையதுதான். ‘சர்வீஸ் சார்ஜ்’, ‘டாக்குமென்ட் ஃபீஸ்’, ‘கேப்டனுக்குக் கொடுக்க வேண்டும்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது லஞ்சம்தான். உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியல் கப்பல் துறை தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிறது. அதில் கம்பெனி பெயர் இருந்தால் மட்டும் போதாது. வேறொருவரின் உரிம எண்ணைத் தன் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக்கொள்வது இவர்களுக்குப் பழக்கம். தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, இந்த ஆள் உங்களுடையவரா, இந்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். உரிமம் இல்லாத வழியில் ஏறினால் கடல் சேவையைக் கணக்கில் ஏற்றவும் திண்டாட வேண்டும், அடுத்த தேர்வுக்கு அந்த மாதங்கள் உதவாமல் போகும்.

உரிமம் ரத்தான கம்பெனி வேறு பெயரில், அதே மாடியில், அதே நாற்காலியில் மறுபடி திறக்கிறது. தென்மாவட்டத்துப் பையன் ஒருவன் மும்பைக்கு ரயிலேறும் முன் தமிழில் ஒரு பக்கம் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை, அறிவிப்பெல்லாம் அலுவலக ஆங்கிலம். ஏமாந்த பிறகு புகார் எழுதச் சொல்கிறார்கள். ஏமாறும் முன் எச்சரிக்க எத்தனை கல்லூரி வாசலில் ஒரு தட்டி வைத்திருக்கிறார்கள்?

உங்கள் காரியத்துக்கு வருவோம். மீதி 1,50,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முதலில் சிடிசியைத் திரும்ப வாங்குங்கள். பணத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம், புதுப்பிக்க வேண்டும், பெயரில் திருத்தம் இருக்கிறது என்று ஏதாவது காரணம் சொல்லி வாங்குங்கள். அது கையில் வந்தபிறகு ஐஎம்ஓ நம்பரையும், ஆர்பிஎஸ்எல் எண்ணையும், ஒப்பந்தத்தின் நகலையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். குரல் அழைப்பில் பேசாதீர்கள். மூன்றும் வந்தால் மேலே சொன்னபடி சரிபார்க்கலாம். வராவிட்டால், 50,000 அனுப்பிய வங்கி ரசீதையும் உரையாடல் முழுவதையும் சேமித்து, தலைமை இயக்குநரகத்துக்கு ஒரு புகாரும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு புகாரும் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுத்த தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு ‘கிடைத்ததா’ என்று இன்றே ஒரு செய்தி அனுப்பி, அவர் பதில் போட்டதும் அதைப் படம் எடுத்து வையுங்கள்.