டிரிப்ஸ் போட்ட கையில் சீழ்: ஆஸ்பத்திரி மீது வழக்கு நிற்குமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். ஏழு மாதத்துக்கு முன் நிமோனியா என்று அப்பாவைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டிரிப்ஸுக்காக இடது கையில் போட்ட வென்ஃப்ளான் (நரம்பில் செருகி விடும் சிறு குழாய் ஊசி) ஐந்து நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாளே சிவந்து வலிக்கிறது என்று நர்ஸிடம் சொன்னோம். "ஐஸ் வையுங்க, சரியாயிடும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. கோவையில் கீறி எடுக்க ஒன்றரை லட்சம் செலவு. "இன்ஃபெக்‌ஷன் யாருக்கும் வரும், நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள். போலீஸுக்குப் போகலாமா?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் சிலருக்குத் தொற்று வரத்தான் செய்யும். தொற்று வந்ததை மட்டும் காட்டி இழப்பீடு வாங்க முடியாது.

இன்னொன்று, "ஐந்து நாள் வைத்திருந்ததே தவறு" என்பதை வழக்கின் அச்சாணியாக்காதீர்கள். பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு முன்னதாக மாற்றத் தேவையில்லை என்றுதான் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2011 வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு மேல் எப்போது மாற்றுவது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. எதிர்த்தரப்பு அங்கேயே உங்களை மடக்கிவிடும். ஆனால் சிவப்போ வலியோ வீக்கமோ வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. உங்கள் பலம் அந்த மூன்றாம் நாள்தான்.

அதை நிரூபிக்க கேஸ் ஷீட் (ஆஸ்பத்திரி வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவு) வேண்டும், குறிப்பாக நர்ஸிங் குறிப்புகள். ஊசி எப்போது போட்டார்கள், ஒவ்வொரு ஷிஃப்டிலும் இடத்தைப் பார்த்தார்களா, எப்போது எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். அப்பா கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2002 மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்வெட்டர் கை மூடியிருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னாலும் சொல்வார்கள். மலையில் இது நான் எதிர்பார்க்கும் வாதம். கையை விலக்கிப் பார்ப்பது நர்ஸின் வேலை, நோயாளியின் வேலை இல்லை.

கோவை ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியும் சீழ் கல்ச்சர் ரிப்போர்ட்டும் (சீழில் என்ன கிருமி என்று பார்த்த சோதனை) அடுத்த ஆதாரம். டிரிப்ஸ் ஊசி இருந்த இடத்தில்தான் சீழ் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். முடிந்தால் அந்த டாக்டரிடம் எழுத்தில் ஒரு கருத்து கேளுங்கள். பலர் தயங்குவார்கள், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். சிகிச்சைக்குத்தான் சம்மதித்தீர்கள், கவனக்குறைவுக்கு அல்ல. நர்ஸின் தவறுக்கு ஆஸ்பத்திரியே பொறுப்பு. முதல்கட்ட ஆதாரத்தை நீங்கள் வைத்துவிட்டால், கவனமாகத்தான் பார்த்தோம் என்று காட்டும் பாரம் அவர்கள் மேல் விழும். 2004-ல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

போலீஸ் வேண்டாம். கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்பது 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவதும் வேண்டாம். மருத்துவமனை வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்கள் மேல் திரும்பும்.

போக வேண்டிய இடம் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடம் அவகாசம், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. காப்பீட்டுத் திட்டத்தில் பணம் போயிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்த வழி இல்லை.

அப்புறம், மூன்றாம் நாள் கையைப் போட்டோ எடுத்திருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் எடுத்த தேதி, நேரம் போய்விடும். எடுத்த போனிலேயே அசல் கோப்பு இருக்கட்டும்.