இதயம் பலவீனமான அப்பாவுக்கு மின்தூண்டல் கருவி வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஹார்ட் ஃபெயிலியர், எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். தொடை மெலிந்துவிட்டது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆன்லைனில் விற்கும் தசை மின்தூண்டல் கருவியை வாங்கித் தரலாமா?

பதில்: முதலில், அவருக்குப் பேஸ்மேக்கரோ ஐசிடியோ (தாறுமாறான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் கருவி) வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பம்பிங் 35 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் பலருக்கு ஐசிடி வைப்பது வழக்கம். தொடையில் பாயும் மின்சாரத்தை அது இதயத்தின் தாறுமாறான துடிப்பு என்று எடுத்துக்கொண்டு ஷாக் கொடுத்துவிடலாம். அப்படி ஏதேனும் இருந்தால் வீட்டில் இந்தக் கருவி வேண்டவே வேண்டாம்.

இல்லையென்றால், யோசனை நல்லதுதான். இந்த நோயில் தசை கரைவதற்கு உட்கார்ந்தே இருப்பது மட்டும் காரணமல்ல. தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, பசி குறைகிறது, களைக்காமல் உழைக்கும் தசை நார்களும் குறைகின்றன. கால் வீக்கத்தில் சேரும் நீர் எடையைக் கூட்டிக் காட்டுவதால், தசை போனது தராசில் தெரியாது. நீங்கள் தொடையைக் கவனித்தது நல்லதாயிற்று.

ஆய்வுகளில் பெரும்பாலும் தொடையின் முன்பக்கத் தசையிலும் கெண்டைக்காலிலும் மின்சாரம் பாய்ச்சும் பட்டைகளை ஒட்டி, தினம் அரை மணி முதல் ஒரு மணி நேரம், சில வாரங்கள் தூண்டினார்கள். சில நொடி தசை இறுகும், பிறகு தளரும். கால் வலுவும் நடக்கும் தூரமும் கூடின. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். ஆயுள் கூடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நிறுத்தினால் பலனும் மெல்லப் போய்விடும். உடற்பயிற்சி செய்ய முடிந்தவருக்கு அதுதான் மேல். எழவே சிரமப்படுபவருக்குத்தான் இந்தக் கருவி.

வலிக்கென்று விற்கும் டென்ஸ் கருவியை வாங்கிவிடாதீர்கள். அதில் பொதுவாகத் தோலில் சுருசுருப்பு மட்டும்தான் தெரியும், தசை இறுகாது. இதய மருத்துவரின் ஒப்புதலோடு, முதல் சில முறை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்யுங்கள். தசை துடிப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. மார்பிலோ கழுத்திலோ ஒட்டவே கூடாது. புண் உள்ள இடத்திலும், ரத்தக்கட்டு இருக்குமோ என்று சந்தேகமுள்ள காலிலும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ கருவியை எடுத்து வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

பருப்பு, முட்டை, மீனைக் கூட்டலாமா என்பதையும் இதய மருத்துவரிடம் ஒப்புதல் வாங்கும்போதே கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவு சொல்வார்.