எங்கள் ஊரில் சொல்லப்படும் பேய்க்கதைக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக்கட்டுரை எழுதலாமா?

இந்தக் கேள்வியைக் கண்டும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. உங்கள் ஊரிலும் காட்டு றோட்டிலோ குளக்கட்டிலோ இரவில் வழிமறிக்கும் ஒருத்தி இருக்கிறாள், அவளைப் பற்றி எங்கேயும் எழுத்தில் இல்லை, நீங்களாவது எழுதிவைக்க நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதே எண்ணத்தில் எழுதியவன்தான் நானும். ஊரோடு ஒட்டுறவில்லாத ஒருவர் உங்களுக்கு முன்பே அந்தக் கதையைப் பற்றி நாலு பந்தியாவது அச்சில் எழுதியிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

எங்கள் கதை இலங்கையின் வடக்கே, வன்னியில், முல்லைத்தீவுப் பக்கம். குளத்துத் துருசடியில், அதாவது மதகடியில், வெள்ளைச் சேலை கட்டிய பெண் மோட்டார் சைக்கிளை மறித்து ஏறுவாள். பாலை மரத்து வளைவில் பின்பாரம் சட்டென்று குறையும், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. "புயலடிச்ச வருசம் செத்த பிள்ளை" என்பார் பெரியப்பா. அவர் சொல்லக் கேட்டதை வைத்து ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரே இரவில் கட்டுரை ஏற்றினேன். புயலடிச்ச வருசம் என்றே எழுதினால் கட்டுரை போல இராது என்று, 1964 டிசம்பர் புயல் என்று நானாகவே போட்டேன். அந்தப் புயல் வன்னியில் அடித்தது உண்மை. ஆனால் பெரியப்பா சொன்னது அந்தப் புயலைத்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஊர்க் கோயில் திருவிழா மலர் ஒன்று கைக்கு வந்தது. அரைப் பக்கத்துக்கு இந்தக் கதை, அதில் 1964 டிசம்பர். நான் அவசரத்தில் 'துருசடி' என்பதைத் 'துரிசடி' என்று தட்டியிருந்தேன். மலரிலும் 'துரிசடி' என்றே இருந்தது. சில நாளில் யாரோ நல்ல மனதோடு அந்த மலரையே என் கட்டுரைக்கு ஆதாரமாகச் சேர்த்துவிட்டார்கள். என் ஊகம் அச்சேறி வந்து எனக்கே சாட்சி சொல்லி நின்றது. அன்றிரவு நித்திரை இல்லை.

அதன் பிறகுதான் அம்மம்மாவிடம் போய்க் கேட்டேன். முதலில் செய்திருக்க வேண்டியது அது. அவர் சிறுமியாகக் கேட்ட கதையில் வெள்ளைச் சேலையும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. கடகப்பெட்டியோடு ஒரு கிழவி மாட்டு வண்டியில் ஏறுவாள். பாலையடி வந்ததும் மாடுகள் கால் எடுத்து வைக்காது. வண்டிக்காரன் இறங்கி இலைக்கொத்தாக ஒரு குழை முறித்து வைத்தால்தான் நகரும். காட்டுவழி போகிறவர்கள் பிள்ளையாருக்குக் குழை முறித்து வைப்பது வன்னியின் பழைய வழக்கம். அப்படியென்றால் கதை 1964க்கு வெகு முந்தியது. கட்டுரையை நீக்கும்படி நானே எழுதிக் கேட்டேன். ஊரைப் பற்றிய கட்டுரையில் இரண்டு வரி மட்டும், ஆண்டு போடாமல், வைத்தேன்.

ஏறி மறையும் பெண் உலகம் முழுக்க இருக்கிறாள். 1942இல் பியர்ட்ஸ்லி, ஹாங்கி என்ற இருவர் அமெரிக்காவில் இந்தக் கதையின் 79 வடிவங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அந்தக் கதைவகைக்குத் தனிக்கட்டுரை தகும். நம் துருசடிக்காரிக்கு இன்றைக்கு அந்த இரண்டு வரிதான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலின் கதை வேறு. நிறுத்தாமல் போனால் வழியில் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் வாகனங்கள் நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகின்றன. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவதும் அப்படித்தான். ஊருக்கு வெளியே இருப்பவர்களும் அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

"வன்னிச் சனத்திடம் ஆதாரம் கேட்டால் எங்கே போவது?" என்று யாராவது கோபப்படுவீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. பாடசாலை மலர்களும் கோயில் கணக்குக் கொப்பிகளும் இருந்த எங்கள் றங்குப் பெட்டியை 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்தபோது வழியில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். அதற்காக இல்லாத ஆண்டை எழுதினால், எரிந்துபோன தாளுக்குப் பதிலாகப் பொய்த்தாள் வைப்பது போலாகும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் எழுதிய 'குளம்' எல்லாவற்றையும் ஒருவர் 'ஏரி' என்று மாற்றினார். 'துருசு' மதகாயிற்று, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் 'வான்' கலிங்காயிற்று. தமிழ்நாட்டில் அவை சரியான சொற்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இரணைமடுவும் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் எங்களுக்குக் குளங்கள். மாரியில் வான் பாய்கிறது என்றால் ஊரே பார்க்கப் போகும். உபரிநீர் வெளியேறுகிறது என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. மூன்று தடவை திருத்தினேன், மூன்று தடவையும் திரும்ப மாற்றினார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். சொல்பவரின் சம்மதத்தோடு பெயர், வயது, ஊர், பதிவு செய்த தேதி எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கதையை மூன்று நாலு பேரிடமாவது கேளுங்கள். வேறுபடும் இடங்களை ஒட்டவைக்காமல் அப்படியே எழுதி, உங்கள் பெயரில் ஒரு சஞ்சிகைக்கோ ஆய்விதழுக்கோ அனுப்புங்கள். அது வெளிவந்து, அதை வைத்து வேறொருவர் கலைக்களஞ்சியத்தில் எழுதட்டும். யாராவது புயலடிச்ச வருசம் என்று சொன்னால், எந்தப் புயல் என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. பெரியப்பா இப்போது இல்லை.