ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம் கேளுங்கள்

சென்னையில் டிவி சீரியல்களின் ஆஸ்பத்திரிக் காட்சிகளில் வார்டு பாய், நோயாளி, நோயாளியோடு வந்தவர் என்று பல வருடம் பின்னணியில் நடமாடியவன் நான். இப்போது பாளையங்கோட்டையோடு இருக்கிறேன். நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணாச்சி, பின்னால் நிற்கிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறீர்கள்? வாய் அசைகிறது, சத்தம் வரவில்லையே? (அம்பாசமுத்திரம்)

ஒன்றும் பேசுவதில்லை தம்பி, வெறும் வாயசைப்புதான். முன்னால் பேசுகிறவரின் குரலோடு எங்கள் சத்தம் கலக்கக் கூடாது. வராந்தா இரைச்சல், மானிட்டரின் 'பீப்' எல்லாம் அப்புறம் சேர்ப்பது.

சும்மா நடக்கிறதுதானே, அதில் என்ன கஷ்டம்? (வள்ளியூர்)

நடப்பது கஷ்டமில்லை. மறுபடி மறுபடி ஒரே மாதிரி நடப்பதுதான் கஷ்டம். "டாக்டர் 'ரிப்போர்ட் வரட்டும்' என்றதும் நீ இடப்பக்கமிருந்து போ" என்று அசிஸ்டண்ட் டைரக்டர் சொல்லிவிட்டுப் போவார். அதே வசனத்தை முதலில் எல்லோரும் தெரியும்படி வைடில் எடுப்பார்கள், அப்புறம் டாக்டர் முகத்துக்குக் குளோஸ், அப்புறம் எதிரே அழுகிற அம்மாவுக்குக் குளோஸ். ஒவ்வொன்றிலும் அதே சொல்லுக்குக் கிளம்பி, அதே கையில் பைலோடு, அதே வேகத்தில் போக வேண்டும். தவறினால் வெட்டி ஒட்டும்போது பைல் கை மாறியிருக்கும், இல்லையென்றால் போனவனே மறுபடியும் போவான். இதைத்தான் கன்டினியூட்டி என்பார்கள்.

புதிதாக வருகிறவர்கள் கெடுப்பது வேறு வகையில். முகத்தில் சோகத்தை ஏற்றிக்கொண்டு நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நிஜ வார்டு பாய் ஒவ்வொரு அழுகைக்கும் நின்று பார்க்கிறாரா? ஒரு சாயங்காலம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போய் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். சீட்டை மடித்து மடித்து விரிக்கிறவர், தூக்குச்சட்டியோடு படியேறுகிற மதினி, நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிற பெரியவர். இதில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். ஷூட்டிங் ஸ்பாட்டில் பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அது எந்த இடத்துக்கும் பொருந்துகிற வேலை.

நான் நர்ஸ். மானிட்டரில் கோடு நேராகப் போனதும் ஷாக் கொடுக்கிறார்களே, யாரும் எடுத்துச் சொல்ல மாட்டீர்களா அண்ணாச்சி? (தென்காசி)

உங்கள் எரிச்சல் நியாயம்தான் தங்கச்சி. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் ஷாக். கோடு நேராகிவிட்டால் அது பலிக்காது. நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும்தான். ஆனால் உடம்பு தூக்கிப்போடுகிற அந்த ஷாட் டைரக்டருக்கு வேண்டும், ஸ்ட்ரெச்சர் பிடிக்கிறவன் பேச்சு அங்கே எடுபடாது.

நெஞ்சு அழுத்துவதும் அப்படித்தான். நிஜத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழம். நல்லா இருக்கிற நடிகர் மேல் அப்படி அழுத்தினால் விலா எலும்பு முறிந்துவிடலாம். அதனால் முழங்கையை மடக்கி ஆட்டுகிறார்கள். உங்களுக்கு அது பொய்யாகத் தெரிகிறது, படுத்திருப்பவருக்கு அதுதான் பத்திரம். டிரிப்ஸிலும் ஊசி கிடையாது, குழாயைக் கையில் வைத்து மேலே பிளாஸ்திரி போடுவதோடு சரி.

நோயாளியாகப் படுத்தால் சுகம்தானே? (களக்காடு)

சுகம்தான், தூங்காதவரைக்கும். மயக்க நோயாளிக்கு வயிறு ஏறி இறங்கலாம், இமை ஆடக் கூடாது. பிணமாகப் படுத்தால் 'கட்' சொல்லும்வரை மூச்சையும் பிடிக்க வேண்டும்.

என் மகளுக்கு 6 வயது. டிவியில் வர ரொம்ப ஆசைப்படுகிறாள். (சங்கரன்கோவில்)

ஆசை அவளுக்கா உங்களுக்கா என்று முதலில் பாருங்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-இல் செய்த திருத்தப்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். இவற்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிற ஏஜெண்ட் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

திருநெல்வேலியில் இருந்துகொண்டே போய்வர முடியுமா? ஒருவர் துணை நடிகர் சங்கக் கார்டு எடுத்துத் தருவதாகப் பணம் கேட்கிறார். (முக்கூடல்)

முடியாது தம்பி. நாளைக்கு வேலை என்று முந்தின நாள் ராத்திரிதான் போன் வரும். அதற்கப்புறம் இங்கிருந்து ரயில் ஏறினால் காலைக் கால்ஷீட்டுக்குச் சென்னை சாலிகிராமம் போய்ச் சேர முடியுமா? தங்க இடமும் கையில் கொஞ்சம் காசும் இல்லாமல் போகாதீர்கள். கைவேலையை விட்டுவிட்டு இதை நம்பிப் போவதை நான் சம்மதிக்கவே மாட்டேன்.

அந்த ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். சங்கத்தில் சேரக் கட்டணம் உண்டு, அதைச் சங்க அலுவலகத்தில் நீங்களே கட்டி ரசீது வாங்கலாம். வேலைக்குப் போகும்போது, சொல்கிற தொகை ஏஜெண்டின் கமிஷன் போகவா, அதையும் சேர்த்தா என்று வண்டி ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஆள் இன்று வார்டு பாய், அடுத்த வாரம் நோயாளி. பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? (கல்லிடைக்குறிச்சி)

மாஸ்க் எதற்கு இருக்கிறது? காஸ்ட்யூமர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முகம் ஒருமுறை குளோஸில் பதிந்துவிட்டால் அந்த சீரியலுக்கு உங்களைக் கொஞ்ச நாள் கூப்பிட மாட்டார்கள்.