சர்வர் சந்தேகங்கள்: 500 ஜிபியை வயரில் அனுப்புவது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கும் வால்யூமை (டிஸ்கில் ஒதுக்கிய ஒரு பகுதியை) நெட்வொர்க் வழியாக இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனியின் பழைய சர்வரில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துத் தருகிற லினக்ஸ் வசதி) போட்டிருக்கிறோம். அதில் 500 ஜிபி லாஜிக்கல் வால்யூம் ஒன்றில் பில் பிடிஎஃப்கள், ஸ்கேன் செய்த டாகுமெண்ட்கள் எல்லாம் இருக்கின்றன. புதிதாக வாங்கிய சர்வருக்கு இதை அப்படியே மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே ரேக்கில், ஒரே கிகாபிட் சுவிட்சில் இருக்கின்றன. பிவிமூவ் கமாண்டை வைத்துச் செய்துவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிறுத்த முடியும். (வாசகர், திருப்பூர்)

பதில்: பிவிமூவ் வேண்டாம். அது ஒரே வால்யூம் குரூப்புக்குள் (எல்விஎம் ஒன்றாகச் சேர்த்து வைத்த டிஸ்க்குகள்) ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்கு எக்ஸ்டென்ட்களை, அதாவது எல்விஎம் இடம் ஒதுக்கும் துண்டுகளை, நகர்த்துகிற கமாண்ட், பக்கத்து மேஷினில் இருக்கும் டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாது. தெரிய வைக்க வழி இல்லாமல் இல்லை. புது சர்வரின் டிஸ்கை ஐஸ்கசி (நெட்வொர்க்கில் டிஸ்கைக் காட்டும் முறை) வழியாகப் பழைய சர்வருக்குக் காட்டி, அதை வால்யூம் குரூப்பில் சேர்த்து, பிவிமூவ் ஓட்டி, முடிந்ததும் குரூப்பைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். வால்யூம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகரும் என்பதால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது ஓடுகிற நேரம் முழுக்க உங்கள் லைவ் டேட்டாவில் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் கிடக்கும், நடுவில் யாரோ ஒருவர் சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கினால் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையில் இருக்கும்போது இந்த வீரம் எதற்கு?

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. வால்யூம் 500 ஜிபி, சரி, அதில் நிரம்பியிருப்பது எவ்வளவு? நகர்த்த வேண்டியது வால்யூமா, உள்ளே இருக்கும் ஃபைல்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் வால்யூமை பிளாக் பிளாக்காக எடுத்தால் காலியான இடமும் சேர்ந்துதான் பயணம் செய்யும். கிகாபிட் என்றால் கணக்குக்கு நொடிக்கு 125 எம்பி, கைக்குக் கிடைப்பது 110 எம்பி சுமாருக்கு. அப்படியானால் 500 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதுவே பழைய 100 மெகாபிட் சுவிட்சாக இருந்தால் 12 மணி நேரம் தாண்டிவிடும், ஆகவே ஞாயிறு காலையில் ஆரம்பிப்பதற்கு முன் சுவிட்சின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் ஓட்டு ஆர்சிங்குக்குத்தான், இரண்டு இடங்களை ஒப்பிட்டு மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கிற கமாண்ட் அது. பிடிஎஃப், ஸ்கேன் எல்லாம் சாதாரண ஃபைல்கள். புது சர்வரில் வேண்டிய அளவில் புது வால்யூம் போட்டு, ஃபைல் சிஸ்டம் போட்டு, வெள்ளிக்கிழமையே சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை முழுசாக ஆர்சிங்க் ஓட்டிவிடுங்கள். ஞாயிறு அன்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சாம்பாவையும் (ஃபைல் ஷேரிங் சர்வீஸ்) மற்ற சர்வீஸ்களையும் நிறுத்திவிட்டு, அதே கமாண்டை டெலிட் ஆப்ஷனோடு (பழைய பக்கம் இல்லாததைப் புது பக்கத்தில் அழிப்பது) இன்னொரு தடவை ஓட்டுங்கள். வெள்ளிக்குப் பிறகு மாறியது மட்டும்தான் போகும், பெரும்பாலும் காபி குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். ஆப்ஷன்களில் சின்ன ஏ மட்டும் போதாது. பெரிய ஹெச் ஹார்டு லிங்க்குகளுக்கு (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்), பெரிய ஏ ஏசிஎல்களுக்கு (கூடுதல் அனுமதிப் பட்டியல்), பெரிய எக்ஸ் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்களுக்கு (ஃபைலோடு ஒட்டிய கூடுதல் விவரங்கள்). அதோடு நியூமெரிக் ஐடீஸ் என்பதையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சர்வரிலும் ஒரே பெயரில் யூசர்கள் வேறு வேறு எண்ணில் இருந்தால் ஃபைல்களின் ஓனர் எண்கள் மாறிவிடும். சோர்ஸ் ஃபோல்டரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பது மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். டெலிட் ஆப்ஷனோடு ஓட்டும்போது இந்தச் சாய்கோட்டில் குளறுபடி செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், யோசித்த பிறகு முதலில் டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டிப் பாருங்கள்.

டேட்டாபேஸ் எதுவும் அந்த வால்யூமில் இருக்கிறதா? இருந்தால் ஓடும்போது எடுத்த நகல் அதற்குச் செல்லாது. அதை நிறுத்திவிட்டு எடுங்கள், அல்லது அதன் சொந்த டம்ப் வசதியில் எடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆர்சிங்க் சரிப்படவில்லை. மெயில் சர்வர், கோடிக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள், பட்டியல் எடுப்பதற்கே மணிக்கணக்காகிறது. டிடியை (பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் கமாண்ட்) எஸ்எஸ்ஹெச் (என்க்ரிப்ட் செய்த இணைப்பு) வழியாக அனுப்பினால் போதும் என்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? (வாசகர், சென்னை)

பதில்: ஆமாம், உங்களுக்கு பிளாக் நகல்தான் சரி. இந்த மாதிரி மெயில் டைரக்டரி, விர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்க், லக்ஸ் போட்டு என்க்ரிப்ட் செய்தது, இவற்றுக்கெல்லாம் டிடி பக்கம் போகலாம். உள்ளே என்ன ஃபைல் சிஸ்டம், எத்தனை ஃபைல் என்று அது கேட்கவே கேட்காது.

முதலில் அளவு. பழைய வால்யூமின் அளவை பைட்டில் எடுங்கள், ஜிபியில் உருட்டிச் சொன்ன எண்ணை நம்பாதீர்கள். புது வால்யூம் அதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும், ஒரு எக்ஸ்டென்ட் குறைந்தாலும் ஃபைல் சிஸ்டத்தின் வால் வெட்டுப்படும். எல்விஎம் வழக்கமாக 4 எம்பி எக்ஸ்டென்ட்களில்தான் இடம் ஒதுக்கும், இரண்டு பக்கமும் எக்ஸ்டென்ட் அளவு வேறாக இருந்தால் அது மேல்நோக்கிச் சரிசெய்துகொள்ளும், அதில் பிரச்சினை இல்லை.

அடுத்து நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிற ஒன்று. எழுதுகிற பக்கத்து டிடியில் நோகிரியேட் என்ற கன்வர்ஷன் ஆப்ஷனைச் சேருங்கள். வால்யூமின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக அடித்துவிட்டால் டிடி திட்டாது, டெவ் டைரக்டரியில் (டிவைஸ்களின் பெயர்கள் இருக்கும் இடம்) அந்தத் தப்புப் பெயரிலேயே சாதாரண ஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் கொட்ட ஆரம்பித்துவிடும். அந்த டைரக்டரி இருப்பது மெமரியில். கொஞ்ச நேரம் எல்லாம் வேகமாகப் போவது போலத் தெரியும், அப்புறம் இடம் தீர்ந்து நின்றுவிடும், புது சர்வரின் மெமரியும் போயிருக்கும். நோகிரியேட் இருந்தால் அந்தப் பெயரில் டிவைஸ் இல்லை என்று முதல் நொடியிலேயே சொல்லிவிடும். இன்புட் பக்கமும் அவுட்புட் பக்கமும் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, அதற்கு ஆப்ஷன் எதுவும் இல்லை.

மவுண்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் வால்யூமை நேராக டிடி செய்யாதீர்கள். ஆரம்பத்தில் படித்த பகுதி ஒரு நேரத்து நிலைமை, கடைசியில் படித்த பகுதி இன்னொரு நேரத்து நிலைமை, இரண்டும் ஒட்டாது. அன்மவுண்ட் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்து நிலைமையின் உறைந்த நகல். எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது ஃபைல் சிஸ்டத்தை ஒரு கணம் உறைய வைத்துவிட்டுத்தான் எடுக்கும், அதனால் கிடைப்பது படிக்கக்கூடிய நகல்தான். ஆனால் அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நகல் முடிவதற்குள் நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், அதுவரை அனுப்பியதும் வீண். மெயில் சர்வரில் எழுத்து வேலை அதிகம், கஞ்சத்தனம் பார்க்காமல் ஒதுக்குங்கள், நடுநடுவே எல்விஎஸ் அடித்து எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு வந்த மெயில் புது சர்வரில் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. மாறிய பிளாக்குகளை மட்டும் பிறகு அனுப்ப பிடிசிங்க் மாதிரியான கருவிகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டுப் பார்த்து வித்தியாசப்பட்டதை மட்டும் எழுதும். அதை வைத்து, ஸ்னாப்ஷாட்டில் முதல் நகலை எடுத்துவிட்டு, கடைசியில் மெயிலை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து, வித்தியாசத்தை அனுப்பலாம்.

நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 செக்சம் போட்டு ஒப்பிடுங்கள். புது வால்யூம் பெரிதாக இருந்தால் பழையதன் பைட் அளவு வரைக்கும் மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும், முழுசாக எடுத்தால் நிச்சயம் பொருந்தாது, வீணாகப் பயப்படுவீர்கள். ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4 என்றால் ஒரு எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் சோதனை) ஓட்டிவிட்டு ரீசைஸ் செய்து மிச்ச இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. ஆகவே சின்ன டிஸ்குக்கு மாறுகிறவர்களுக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸில் டிடி வழியே கிடையாது, ஃபைல் ஃபைலாகத்தான் எடுக்க வேண்டும்.

புது பக்கத்தில் தின் வால்யூம் (எழுதும்போதுதான் பூலிலிருந்து இடம் எடுக்கும் வகை) போட்டிருந்தால் இன்னொரு விஷயம்: டிடி காலி இடத்தின் பூஜ்யங்களையும் எழுதும், தின் பூல் அநியாயத்துக்கு நிரம்பும். புத்தம் புது தின் வால்யூமாக இருந்தால் ஸ்பார்ஸ் ஆப்ஷன் போடுங்கள், பூஜ்யங்களைத் தாண்டிப் போய்விடும். ஏற்கெனவே எதையோ எழுதிய வால்யூமில் அதைப் போடக் கூடாது, பழைய குப்பை அப்படியே நின்றுவிடும்.

கேள்வி: கிகாபிட் லைன்தான், ஆனால் எஸ்எஸ்ஹெச்சில் நொடிக்கு 40 எம்பிக்கு மேல் ஏறவில்லை. நெட்கேட் (டேட்டாவை அப்படியே நெட்வொர்க்கில் அனுப்பும் கருவி) போட்டால் பறக்குமாமே? (வாசகர், கோவை)

பதில்: முதலில் டாப் கமாண்டில் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் ஒரு கோரை முழுசாகத் தின்றுகொண்டிருந்தால் குற்றவாளி அதுதான், பழைய பிராசஸரில் ஏஇஎஸ் என்க்ரிப்ஷனுக்கான ஹார்டுவேர் உதவி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். எஸ்எஸ்ஹெச்சின் கம்ப்ரஷன் ஆன் ஆகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், உள் நெட்வொர்க்குக்குள் அது வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். சுருக்கியே ஆக வேண்டும் என்றால் நடுவில் எல்இசட்4 அல்லது இசட்ஸ்டாண்டர்ட் வையுங்கள். சிபியு சும்மா இருக்கிறது, ஆனாலும் 40தான் என்றால் பெரும்பாலும் டிஸ்க் படிப்பதே அவ்வளவுதான் என்று அர்த்தம். பகல் நேரத்தில் பத்துப் பேர் வேலை செய்துகொண்டிருக்கும் சுழலும் டிஸ்கில் அது சகஜம், நெட்கேட் வந்து ஒன்றும் செய்யாது.

நெட்கேட் எதையும் என்க்ரிப்ட் செய்யாது. இரண்டு சர்வரையும் ஒரு கேபிளில் நேராக இணைத்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். இன்டர்நெட் வழியாக என்றால் வேண்டவே வேண்டாம். எதைப் போட்டாலும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓட விடும் கருவிகள்) ஓட்டுங்கள், லேப்டாப் மூடியதும் நகலும் நின்றுபோன கதைகள் போதும் போதும் என்கிற அளவுக்கு எனக்கு வருகின்றன.

கேள்வி: கேவிஎம்மில் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) ஓடும் விர்ச்சுவல் மெஷினை அதன் எல்விஎம் வால்யூமோடு சேர்த்து, நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு மாற்ற முடியுமா? ஷேர்டு ஸ்டோரேஜ் கிடையாது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முடியும், கையால் டிடி எல்லாம் வேண்டாம். விர்ஷ் மைக்ரேட் கமாண்டில் காப்பி ஸ்டோரேஜ் ஆல் என்ற ஆப்ஷன் இருக்கிறது. டிஸ்கையும் மெமரியையும் ஓடும்போதே அந்தப் பக்கம் அனுப்பி, கடைசியில் ஒரு சின்ன இடைவெளியில் மாற்றிவிடும். அந்தப் பக்கம் அதே பெயரில், அதே அளவில் வால்யூமை நீங்களே முன்கூட்டி உருவாக்கி வைத்துவிடுவது நல்லது. இரண்டு ஹோஸ்டின் பிராசஸரும் வேறு தலைமுறை, கெஸ்டில் (அந்த விர்ச்சுவல் மெஷினில்) ஹோஸ்ட் பாஸ்த்ரூ (ஹோஸ்டின் பிராசஸரை அப்படியே காட்டுவது) போட்டிருக்கிறீர்கள் என்றால் அது மறுக்கலாம், அல்லது போய்ச் சேர்ந்த பிறகு கெஸ்ட் கவிழலாம். பொதுவான ஒரு சிபியு மாடலுக்கு முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒருமுறை கெஸ்ட்டை ஷட்டவுன் செய்தாக வேண்டும், வேறு வழியில்லை.

கேள்வி: டிஆர்பிடி போட்டால் நிறுத்தாமலே மாற்றிவிடலாம் என்கிறார் நண்பர். உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: முக்கால் உண்மை. டிஆர்பிடி என்பது வியன்னாவில் இருக்கும் லின்பிட் நிறுவனத்தின் வேலை, 2010இல் 2.6.33 கெர்னலோடு லினக்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. இங்கே எழுதுகிற ஒவ்வொரு பிளாக்கையும் நெட்வொர்க்கில் அந்தப் பக்கமும் எழுதும், புரோட்டோகால் சி வைத்தால் இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகுதான் ஆயிற்று என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போன பிறகு அந்தப் பக்கத்தைப் பிரைமரி ஆக்கினால் வேலை முடிந்தது. ஆனால் ஏற்கெனவே நேராக மவுண்ட் செய்து வைத்திருக்கும் வால்யூமுக்கு அடியில் டிஆர்பிடியை நுழைக்க அதை ஒரு தடவை அன்மவுண்ட் செய்தே ஆக வேண்டும், அதன் மெட்டாடேட்டாவுக்கு வால்யூமின் கடைசியில் கொஞ்சம் இடமோ, தனியாக ஒரு குட்டி வால்யூமோ வேண்டும். அந்த இடத்தை ஒதுக்காமல் போட்டால் ஃபைல் சிஸ்டத்தின் கடைசிப் பகுதியின் மேலேயே எழுதிவிடும் அபாயம் உண்டு. ஒரே ஒரு தடவை மாற்றுவதற்காக என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு சர்வரும் பிறகும் ஜோடியாக ஓடப்போகின்றன என்றால் நண்பர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: லீஸ்டு லைன் 50 எம்பிபிஎஸ்தான், அதனால் டிஸ்கையே கழற்றி எடுத்துப் போய் அங்கே மாட்டினேன். வால்யூம் குரூப் பெயர் இரண்டிலும் ஒன்றே என்று மறுக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: எடுத்துப் போனது சரிதான், அந்த லைனில் 500 ஜிபி என்றால் 22 மணி நேரம் ஆகியிருக்கும். பெயரை வைத்துக் கூப்பிட்டால் எந்தக் குரூப் என்று எல்விஎம்முக்குக் குழப்பம், ஆனால் ஒவ்வொரு குரூப்புக்கும் தனி யூயூஐடி (அடையாள எண்) உண்டு. விஜிஎஸ் கமாண்டில் யூயூஐடியையும் காட்டச் சொல்லி, வந்த டிஸ்கின் யூயூஐடியைக் கொடுத்து விஜிரீநேம் செய்யுங்கள். சர்வர் பூட் ஆகிற குரூப்பின் பெயரை மட்டும் தொடாதீர்கள், எஃப்எஸ்டேபிலும் (மவுண்ட் பட்டியல்) கிரப்பிலும் (பூட் லோடர்) அந்தப் பெயர் எழுதியிருக்கும். வந்த டிஸ்க் பழைய சர்வரின் இன்னொரு டிஸ்கின் பிளாக் நகலாக இருந்து, இரண்டும் ஒரே மேஷினில் மாட்டியிருந்தால் யூயூஐடியும் ஒன்றாகவே இருக்கும். அதற்கு விஜிஇம்போர்ட்குளோன் என்று தனிக் கமாண்டே இருக்கிறது.